லேப்டாப் சத்தம் கரகரக்கிறதா? ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

"ஸ்பீக்கர் போயிடுச்சு, மாத்திக் கொடுங்க" என்று சொல்லித்தான் பலர் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொண்டுவருகிறார்கள். பாட்டு போட்டால் கரகரக்கிறது, இல்லையென்றால் பேச்சு நடுநடுவே வெட்டுப்பட்டு வருகிறது. சத்தம் வெளியே வரும் இடம் ஸ்பீக்கர் என்பதால் பழியும் அதன் மேலேயே விழுகிறது. புது ஸ்பீக்கர் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும் அதே கரகரப்பு வரும்போதுதான், கோளாறு வேறெங்கோ இருந்தது தெரியவருகிறது. கொடுத்த பணம் வீண். படிக்கிற பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பும் இரண்டு நாள் போயிருக்கும்.

ஸ்பீக்கர் என்பது சத்தத்தின் கடைசி நிறுத்தம் மட்டும்தான். பிரவுசரிலோ பிளேயரிலோ கிளம்பும் சத்தம் விண்டோஸின் சவுண்ட் எஞ்சின், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எஃபெக்ட் மென்பொருள், டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்), மதர்போர்டில் உள்ள சவுண்ட் ஐசி (எண்களாக இருக்கும் சத்தத்தை மின்னலையாக மாற்றும் சிப்) என எல்லாவற்றையும் கடந்துதான் ஸ்பீக்கருக்கு வருகிறது. எந்த இடத்தில் உடைகிறது என்பதைக் கண்டுபிடிக்க முதல் கருவி உங்கள் காதுதான்.

சத்தம் குறைவாக வைத்தால் சுத்தமாக இருந்து, கூட்டும்போது மட்டும் கிழிந்தாற்போல் அதிர்கிறதா? அது ஸ்பீக்கர் அல்லது அதைச் சுற்றியுள்ள பகுதி. எந்த அளவில் வைத்தாலும் ஒழுங்கில்லாமல் 'டிக்', 'டிக்' என்று தெறிக்கிறதா, அரை நொடி நின்று நின்று வருகிறதா? அது நேரத்தோடு சேர்ந்த கோளாறு. ஸ்பீக்கருக்கு அதில் பங்கே இல்லை. சார்ஜர் மாட்டினால் மட்டும் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் வந்தால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். பாட்டு தொடங்கும்போதும் முடிந்து சில நொடி கழித்தும் ஒரே ஒரு 'டொப்' கேட்டால், சவுண்ட் ஐசி மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கி எழுகிறது என்று பொருள். அதற்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்து, பத்து நிமிடத்தில் முடிகிற ஒரு சோதனை. யூடியூபில் அல்ல, லேப்டாப்பிலேயே சேமித்து வைத்த ஒரு பாட்டை ஓட்டுங்கள். அது சுத்தமாக வந்து இணையத்தில் ஓடுவது மட்டும் உடைந்தால், இணைய வேகத்தையோ பிரவுசரையோ பாருங்கள். பிரவுசரின் செட்டிங்ஸில் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' என்பதை அணைத்துவிட்டு மறுபடி திறந்து கேட்டாலே சில லேப்டாப்களில் சரியாகிவிடும். சேமித்த பாட்டும் கரகரத்தால் வயர் உள்ள ஹெட்போனை மாட்டுங்கள். ஹெட்போனில் சுத்தம், ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு என்றால் சந்தேகம் ஸ்பீக்கர் பக்கம் போகிறது. இரண்டிலும் ஒரே மாதிரி கேட்டால் ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம். ஹெட்போன் பின்னை லேசாகத் திருகும்போது மட்டும் கரகரத்தால் ஜாக்கில் தூசு அல்லது தேய்மானம். லேப்டாப்பை முழுவதும் அணைத்து, காது குடையும் பஞ்சைவிட மெல்லிய குச்சியில் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டிப் பாருங்கள். பஞ்சு உள்ளே சிக்கிக்கொள்ளாமல் கவனம் தேவை.

இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது, பலர் செய்வதில்லை. ஒரு பென் டிரைவில் உபுண்டுவை (விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளம்) ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' முறையில் திறந்து அதே பாட்டைக் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் ஸ்பீக்கர், சவுண்ட் ஐசி, போர்டு எல்லாம் நலம். கோளாறு விண்டோஸ் பக்கம்தான். ஒரு பாகமும் வாங்காமல் ஹார்டுவேரையும் மென்பொருளையும் பிரித்துவிடலாம். டெல் லேப்டாப்பில் ஆன் செய்யும்போது எஃப்12, ஹெச்பியில் எஃப்2 அழுத்தினால் வரும் டயக்னாஸ்டிக்ஸிலும் பல மாடல்களில் ஸ்பீக்கர் சோதனை உண்டு.

'டிக்' சத்தம் எங்கிருந்து வருகிறது

நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். 48,000 ஹெர்ட்ஸில் ஓடும் ஒலி என்றால், ஒவ்வொரு காதுக்கும் நொடிக்கு 48,000 எண்கள் சவுண்ட் ஐசிக்குப் போய்ச் சேர வேண்டும். விண்டோஸ் இவற்றை வழக்கமாக 10 மில்லி நொடிக்கு ஒரு தவணையாக, அதாவது 480 எண்களாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு தவணை வர கொஞ்சம் தாமதமானாலும் ஐசியிடம் வாசிக்க ஒன்றும் இருக்காது. வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்த ஒலியலை அந்த இடத்தில் சட்டென்று அறுந்து வேறொரு மட்டத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவல்தான் நம் காதில் 'டிக்' என்று விழுகிறது. நொடிக்கு நாலைந்து தவணை தவறினால் கரகரப்பு. தொடர்ந்து தவறினால் சத்தமே துண்டு துண்டு.

தவணையைத் தாமதப்படுத்துவது யார்? டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 8 சதவீதம்தான் காட்டும், "கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு" என்று தோன்றும். ஆனால் வைஃபை, கிராஃபிக்ஸ், பேட்டரி இவற்றின் டிரைவர்களுக்கு அவசர வேலை வந்தால், சவுண்ட் உட்பட எல்லா சாதாரண நிரல்களையும் தள்ளிவைத்துவிட்டு முன்னால் ஓடும் உரிமை உண்டு. நல்ல டிரைவர் அந்த வேலையை ஒரு மில்லி நொடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் முடித்துவிடும். மோசமாக எழுதப்பட்டதோ, மாடலுக்குப் பொருந்தாததோ பல மில்லி நொடிகளுக்கு சிபியுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சராசரி சிபியு கணக்கில் அது கண்ணில் படாது. காதில் மட்டும் விழும்.

இதைப் பிடிக்க லேட்டன்ஸிமான் என்ற மென்பொருள் உதவும். அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் மூடி, ஒரு பாட்டை ஓடவிட்டு, அதன் பச்சைப் பொத்தானை அழுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு 'டிரைவர்ஸ்' பக்கத்தில் அதிகபட்ச நேரம் காட்டும் பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் நேரம் தின்னும் கோப்பு மேலே வந்து நிற்கும். ஒரு மில்லி நொடியைத் தாண்டிய எதையும் சந்தேகிக்கலாம்.

அந்தப் பெயரை அப்படியே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். என்டிஐஎஸ் அல்லது டிசிபிஐபி என்று வந்தால் அவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள். அவற்றின் பின்னால் நின்று தாமதிப்பது பெரும்பாலும் வைஃபை டிரைவர். வைஃபையை அணைத்துவிட்டு, சேமித்த பாட்டைக் கேளுங்கள். டிக் நின்றுவிட்டால் சந்தேகம் உறுதியாகிறது. என்விஎல்டிடிஎம்கேஎம் என்றால் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர். டபிள்யூடிஎஃப்01000 என்பது பல டிரைவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பு. வெளியே மாட்டியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

ஏசிபிஐ என்று வந்தால் பேட்டரி நிலவரத்தை அடிக்கடி விசாரிக்கும் வேலையில் சிக்கல் இருக்கலாம். சார்ஜரை மாட்டிவிட்டு, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'பேட்டரீஸ்' கீழே உள்ள 'கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி'யை டிசேபிள் செய்து கேளுங்கள். சரியானால், அந்த மாடலுக்கான பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) அப்டேட் வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் தேடுங்கள். சோதனை முடிந்ததும் பேட்டரியை மறக்காமல் எனேபிள் செய்யுங்கள். இல்லையென்றால் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாமல் லேப்டாப் நடுவில் அணைந்துபோகும். பயாஸ் அப்டேட்டை கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் போர்டே எழுந்திருக்காது.

டிரைவரை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் கொடுத்தால் அந்த மாடலுக்கே உரிய டிரைவர் கிடைக்கும். "உங்கள் 23 டிரைவர்கள் பழசாகிவிட்டன" என்று பயமுறுத்தும் அப்டேட்டர் மென்பொருள்களைத் தயவுசெய்து போடாதீர்கள். நன்றாக இருந்த சவுண்டும் அவற்றால் கெடலாம். கரகரப்பு விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாள் தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அது மங்கலாக இருந்தால், அப்டேட் டிரைவர் வழியாகப் போய், கணினியில் உள்ள பட்டியலிலிருந்து 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். சத்தம் கொஞ்சம் மெலிந்து கேட்கும், ஏனென்றால் உங்கள் ஸ்பீக்கருக்கென்று செய்த திருத்தங்கள் அதில் இல்லை. ஆனால் கரகரப்பு நின்றால் அதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த டிரைவர்தான் காரணம் என்பது தெளிவு.

இதற்கெல்லாம் முன்பாகவே செய்து பார்க்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய் உங்கள் ஸ்பீக்கரைச் சொடுக்கினால் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று இருக்கும். அதை 'ஆஃப்' ஆக்குங்கள். டால்பி, நாஹிமிக், வேவ்ஸ் போன்றவை தனி ஆப்பாக இருந்தால் அதற்குள்ளும் போய் அணையுங்கள். அதே பக்கத்தில் ஃபார்மட்டை 16 பிட், 48000 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். 192000 என்று வைத்திருப்பதால் லேப்டாப் ஸ்பீக்கரில் எந்த நயமும் கூடாது, வேலை மட்டும் கூடும்.

பேட்டரியில் ஓடும்போது மட்டும் உடைந்தால் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிக் கேளுங்கள். ஓடத் தொடங்கி இருபது நிமிடம் கழித்து, விசிறி இரைந்து அடிப்பகுதி கொதிக்கும்போது மட்டும் வெட்டுப்பட்டால் அது சூடு. விசிறியில் அடைத்த தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் சத்தமும் சேர்ந்து சரியாகும்.

ரீங்காரமும் எர்த்தும்

சார்ஜரைக் கழற்றியதும் நிற்கும் ரீங்காரத்துக்கு லேப்டாப்பைத் திறக்கத் தேவையில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத இடத்தில் அதுவும் அதன் மடங்குகளும் ஒலியில் கலந்துவிடும். உலோக உடல் கொண்ட லேப்டாப்பில் விரலின் பின்புறத்தால் மெதுவாகத் தடவும்போது நறநறவென்று ஓர் அதிர்வு தெரிந்தால், சார்ஜருக்கு எர்த் கிடைக்கவில்லை என்பதற்கு அது அறிகுறி. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருப்பார்கள், அல்லது சுவர் பாயின்டில் எர்த் வயரே இழுத்திருக்க மாட்டார்கள். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிபாருங்கள். சத்தம் போகிறது என்பதற்காக எர்த் பின்னை உடைத்தோ ஒட்டியோ பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யக் கூடாது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ரீங்காரம் வந்தால், ஸ்கொயர் வேவ் (சீரான அலையாக இல்லாமல் சதுர வடிவ மின்னலை தரும்) இன்வெர்ட்டராக இருக்கலாம். வெளி ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால் மட்டும் வருகிறது என்றால் இடையில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் வழியே கலக்கும் இரைச்சலைத் தடுக்கும் சிறு கருவி) போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

புளூடூத்தில் இரண்டைச் சொன்னால் போதும். மைக் பயன்படுத்தும் அழைப்பு தொடங்கியதும் பாட்டு பழைய டெலிஃபோன் போலக் கேட்டால் ஹெட்செட் பழுதல்ல. மைக்குக்கும் இடம் விட வேண்டி ஒலியின் தரத்தை இறக்கிக்கொள்ளும் முறைக்கு அது மாறிவிட்டது. மைக்குக்கு லேப்டாப்பில் உள்ளதையே தேர்ந்தெடுத்தால் பாட்டு மறுபடி தெளியும். விட்டு விட்டு வந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், பக்கத்தில் செருகிய யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் அவையும் இரைச்சல் போடுகின்றன.

உண்மையிலேயே ஸ்பீக்கர்தான் என்றால்

டோன் ஜெனரேட்டர் (கேட்ட ஹெர்ட்ஸில் ஒரே சீரான சத்தம் எழுப்பும் மென்பொருள்) ஒன்றைத் திறந்து, சத்தத்தை 60 சதவீதத்தில் வைத்து, 100 ஹெர்ட்ஸிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். ஒரே ஓர் இடத்தில், உதாரணமாக 300 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும், அதிர்ந்தால் ஏதோ லூசாக இருக்கிறது. அந்த இடத்தில் டோனை நிறுத்தி வைத்து, லேப்டாப்பின் ஓரங்களை விரலால் லேசாகத் தொட்டு அமர்த்துங்கள். அமர்த்தியதும் நின்றால் ஒரு ஸ்க்ரூ இல்லை, அல்லது ஸ்பீக்கர் பெட்டியைத் தாங்கும் ரப்பர் புஷ் விழுந்துவிட்டது. முன்பு சர்வீஸ் செய்த லேப்டாப்களில் இது சகஜம். எல்லா இடத்திலும் கிழிந்து கேட்டால் ஸ்பீக்கரின் சவ்வையே பார்க்க வேண்டும். டீ கொட்டியிருந்தால் அதன் சர்க்கரை சவ்வில் காய்ந்து விறைத்திருக்கும். காந்தம் இழுத்த இரும்புத் துகள் நுண்ணிய மயிர் போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டும் டேப்பால் மெதுவாக ஒற்றி எடுத்தாலே சில ஸ்பீக்கர்கள் பிழைத்துவிடும். மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 3.5 முதல் 4 வரை காட்ட வேண்டும். இடது, வலது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். திறப்பவர் யாரானாலும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

சத்தத்தை 300 சதவீதம் ஆக்கும் பூஸ்டர் எக்ஸ்டென்ஷன்கள் இந்தச் சின்ன ஸ்பீக்கர்களைத்தான் பலி வாங்குகின்றன. ஒலியலையின் உச்சியைத் தட்டையாக வெட்டி அனுப்புவதால் கம்பிச்சுருள் சூடேறி, சவ்வு ஒட்டுவிட்டுப் போகிறது. சத்தம் போதவில்லை என்றால் வெளி ஸ்பீக்கர் வாங்குவதே நல்லது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். புதிதாக அதிர்வுச் சத்தம் வருவதோடு டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா, கிளிக் செய்யக் கடினமாகிவிட்டதா, மூடி சரியாகப் படியவில்லையா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரி உப்பி, பக்கத்தில் உள்ள ஸ்பீக்கரை நெருக்கிக்கொண்டிருக்கலாம். உடனே அணையுங்கள், சார்ஜரை எடுங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். உப்பலை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். படுக்கை, திரைச்சீலை பக்கத்தில் வைக்காமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். இந்த நிலையில் மேலே சொன்ன விரலால் அமர்த்தும் சோதனையையும் செய்ய வேண்டாம்.

"சவுண்ட் ஐசி மாத்தணும்" என்று கடையில் சொன்னால், உபுண்டுவில் கேட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அதிலும் கரகரத்து, ஹெட்போனிலும் கரகரத்தால்தான் ஐசி மீதும் அதன் மின்வழி மீதும் சந்தேகம் நியாயம். அப்போதும் ஒரு வழி இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் அடாப்டரில் ஹெட்போனை மாட்டுங்கள். அதில் சுத்தமாக வந்தால், போர்டில் ஹாட் ஏர் வைத்து ஐசியைக் கழற்றும் வேலைக்குப் போகாமல் அந்த அடாப்டரோடு லேப்டாப்பைப் பல வருடம் ஓட்டலாம்.