ஊசி சாயாத ஊர்

தைக்கிற ஊசி ஒன்று, அரை முழம் நூல், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மெர்லயன் காந்தம். போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இந்த மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு சிங்கப்பூரின் கிராஞ்சியில் 925 பேருந்து ஏறினேன். சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்கு வலசைப் பறவைகள் வந்து இறங்கும் மாதம் அது.

அங்கே பறவை பார்க்கக் கடல் ஏறும் நேரம் பார்த்துப் போகவேண்டும். கடல் வற்றியிருக்கும்போது வெளியே விரிந்து கிடக்கும் சேறெல்லாம் அவற்றின் மேய்ச்சல் நிலம். எங்கோ தூரத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும், கண் வலிக்கும். கடல் ஏறி அந்தச் சேறு முழுகியதும்தான் காப்பகத்துக்குள் இருக்கும் குட்டைகளுக்கு வந்து கும்பலாக நிற்கும். இவை ஒரு காலத்தில் இறால் வளர்த்த குட்டைகள். மதகைத் திறந்து மூடித் தண்ணீர் மட்டத்தைக் குறைத்து, பறவைகள் கால் ஊன்றி நிற்கச் சேறு தெரியும்படி வைக்கிறார்கள்.

அன்று ஒரு மணிநேரம் முன்னதாகவே போய்விட்டேன். கம்பிவேலி, இரும்புக் கைப்பிடி எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, இரண்டு பக்கமும் மட்டமாகத் தொங்கும் இடத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து ஒட்டும் வேலையை வீட்டிலேயே முடித்திருந்தேன். காந்தத்தை ஒரே திசையில் நாற்பது தடவை தேய்த்துத் தொங்கவிட்டேன். ஊசி தயங்கித் தயங்கித் திரும்பி வடக்கு தெற்காக நின்றது. ஒரு முனை ஜொகூர் பாருவின் கட்டடங்களைக் காட்டியது. தெற்கே நீண்ட முனை மட்டும் லேசாகத் தலை குனிந்திருந்தது. முடிச்சு நழுவிவிட்டதோ என்று பார்த்தேன். நழுவவில்லை.

பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குப் படுக்கையாக ஓடுவதில்லை. தென்பாதியில் மண்ணிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி வளைந்து, வடபாதியில் மண்ணுக்குள் இறங்குகின்றன. அதனால் வடபாதியில் தடையில்லாமல் தொங்கும் ஊசியின் வடமுனை கீழே சாயும், தென்பாதியில் தென்முனை சாயும். நடுவில் எந்தப் பக்கமும் சாயாத ஒரு கோடு உண்டு. அதுதான் காந்த நடுக்கோடு. பள்ளியில் படித்த நிலநடுக்கோட்டோடு இது பொருந்தாது. நம் பக்கத்தில் அது வடக்கே தள்ளி, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டி, இலங்கை வழியாக, தாய்லாந்தின் தென்பகுதியைக் கடந்து போகிறது. கேரளத்தின் தும்பாவிலிருந்து 1963இல் இந்தியா தன் முதல் ராக்கெட்டை ஏவியதற்கு அந்த ஊர் இந்தக் கோட்டுக்கு அருகில் இருந்ததே முக்கியக் காரணம்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகை சொச்சத்தில் இருக்கிறது. வரைபடத்தில் நாம் வடபாதிக்காரர்கள். ஊசியைக் கேட்டால் தென்பாதி என்கிறது. இந்தப் பொருத்தமின்மை நமக்கு வேடிக்கை. திபெத்திலிருந்து இருட்டில் பறந்து வரும் ஒரு பறவைக்கு அது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

பறவைகளுக்குக் காந்த உணர்வு உண்டு என்பதை 1960களில் ஃபிராங்க்ஃபர்ட்டில் வொல்ஃப்காங் வில்ச்கோ காட்டினார். வலசைக் காலம் வந்தால் கூண்டில் இருக்கும் ஐரோப்பிய ராபின் குருவிகூட இரவில் நிலைகொள்ளாமல், போகவேண்டிய திசைப் பக்கமாகவே படபடத்துக்கொண்டிருக்கும். கூண்டைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்துக் காந்தப் புலத்தை மாற்றினால் குருவியும் திசை மாற்றும். அவரும் அவர் மனைவி ரோஸ்விதாவும் 1972இல் வெளியிட்ட சோதனை இன்னும் விசேஷம். வடக்கு தெற்கைத் தொடாமல், காந்தக் கோடு மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்பதை மட்டும் தலைகீழாக்கினார்கள். நம் கைத் திசைகாட்டி இதற்கு அசையவே அசையாது. ராபின்களோ நேர் எதிர்த்திசைக்குத் திரும்பிவிட்டன.

அப்படியென்றால் பறவைக்கு வடக்கு, தெற்கு என்று எதுவும் தெரியாது. அது பார்ப்பது சாய்வை. கோடு மண்ணுக்குள் இறங்கும் பக்கம் துருவம், எழும்பும் பக்கம் நடுக்கோடு. குளிர்காலத்துக்குக் கிளம்பும் குருவியின் விதி இவ்வளவுதான்: கோடு இறங்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிப் பற. காந்தத் துருவங்கள் பூமியின் வரலாற்றில் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. அப்படி மாறினாலும் இந்த விதி கெடாது. யோசித்துப் பார்த்தால் நம் திசைகாட்டியைவிட விவரமான ஏற்பாடு.

ஆனால் காந்த நடுக்கோட்டில் கோடு படுக்கையாகிவிடுகிறது. எந்தப் பக்கம் துருவம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. அதைத் தாண்டினால் இன்னும் மோசம்: இப்போது கோடு தெற்கே இறங்குகிறது. பழைய விதியைப் பிடித்துக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டினால் பறவை வந்த வழியே வடக்கே திரும்பிப் போய்விடும். இதையும் வில்ச்கோ தம்பதியர் 1992இல் சோதித்தார்கள். தென் ஆப்பிரிக்காவரை போகக்கூடிய ஒரு வகைக் கதிர்க்குருவியைக் கொஞ்ச காலம் படுக்கையான காந்தப் புலத்தில் வைத்திருந்துவிட்டு, மறுபடி சாய்வான புலத்துக்குக் கொண்டுவந்தார்கள். குருவி தன் விதியைப் புரட்டிப் போட்டிருந்தது. கோடு இறங்கும் பக்கம் நோக்கியே பறக்க முயன்றது. நடுக்கோட்டைக் கடந்த அனுபவமே விதியை மாற்றும் விசையாக இருக்கிறது. நட்சத்திரங்களும் அந்திச் சூரியனும் கூடவே துணைக்கு உண்டு.

சரி, இந்தச் சாய்வை எதைக் கொண்டு உணர்கிறது? ஃபிரிட்ஜ் காந்தத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு பலவீனமானது பூமியின் புலம். இன்று பலரும் நம்பும் பதில், கண்ணைக் கொண்டு. ராபினின் திசையுணர்வுக்கு வெளிச்சம் வேண்டும். நீல, பச்சை ஒளியில் வேலை செய்கிறது, சிவப்பு ஒளியில் தடுமாறுகிறது. விழித்திரையில் கிரிப்டோகுரோம் என்ற புரதம் இருக்கிறது. நீல ஒளி பட்டதும் அதற்குள் ஒரு எலக்ட்ரான் இடம் தாவ, ஜோடி பிரிந்த இரண்டு எலக்ட்ரான்கள் உண்டாகின்றன. அந்த இரண்டின் சுழற்சியும் எப்படிச் சேர்ந்து அமைகிறது என்பதில் பூமியின் புலம் லேசாக விரலை வைக்கிறது. அதற்கேற்ப அந்தப் புரதத்தில் நடக்கும் வேதிவினை கூடவோ குறையவோ செய்கிறது. 2021இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகக் குழுக்கள் ராபினின் கிரிப்டோகுரோம் 4ஐத் தனியே தயாரித்துச் சோதித்தன. கோழி, புறாவின் புரதத்தைவிட அது காந்தத்துக்கு அதிகம் அசைந்து கொடுத்தது. உயிருள்ள பறவையில் இதை நேரடியாக நிரூபிப்பது பாக்கி. பறவைக்கு அது எப்படித் தெரியும்? பார்க்கும் காட்சியின் மேல் நிழல்போல ஒரு படலமாகத் தெரியலாம் என்கிறார்கள்.

கடல் ஏறி முடிந்ததும் பவளக்காலிகள் வந்தன. முதலில் ‘தியூ ஹூ ஹூ’ என்ற குரல், அப்புறம் சிறகின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை பளிச்சிட ஐம்பது அறுபது பறவைகள். செங்காவி நிறக் கால்கள், ஏதோ சிவப்புக் காலுறை மாட்டியதுபோல. இறங்கியதும் ஒற்றைக்காலில் நின்று அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டன. எடை ஒரு நடுத்தர மாம்பழத்தைவிடக் குறைவு.

இங்கே பிடித்து வளையமிட்ட பவளக்காலிகளுக்குச் சிறு கருவிகளைப் பொருத்தி, தேசியப் பூங்காக் கழக ஆய்வாளர்கள் அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி, சிங்கப்பூரில் குளிர்காலம் கழிக்கும் பவளக்காலிகளில் சில இமயமலையை நேராகத் தாண்டித் திபெத்திய பீடபூமிக்குப் போகின்றன. வளைந்த அலகுடைய விம்ப்ரல் ஒன்று அதே மலைகளைத் தாண்டி ரஷ்யாவரை போனது. கரையோரச் சேற்றில் நண்டு பொறுக்கும் பறவை எவரெஸ்ட் இருக்கும் மலைத்தொடரைத் தாண்டும் என்று அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. அது அதுவரை வரித்தலை வாத்து போன்ற சில பறவைகளின் பெருமையாக இருந்தது.

அந்த வாத்தைப் பார்க்கத்தான் டிசம்பர் விடுமுறையில் மதுரையில் இறங்கி நாங்குநேரி பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கூந்தன்குளம் அங்கிருந்து கிட்டத்தில்தான். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும் ஊர் அது, ஊரே அவற்றுக்குக் காவல். விடியற்காலையில் குளத்தின் நடுவே இருநூறு வாத்துகள் இருக்கும், சாம்பல் உடல், வெள்ளைத் தலையின் பின்னால் இரண்டு கறுப்பு வரி. கரையில் உட்கார்ந்து ஊசியை எடுத்தேன்.

“சிங்கப்பூர்லேர்ந்து வந்து ஊசியத் தொங்கவிட்டுட்டு உக்காந்திருக்கியே, என்ன மந்திரமாப்பா?” என்றார் சித்தப்பா.

வீட்டிலிருந்து கொண்டுவந்த காந்தத்தால் மறுபடி தேய்த்துத் தொங்கவிட்டேன். வடக்கு தெற்காக நின்றது. குனியவில்லை. கண்ணுக்கு நேராகப் பிடித்து, பின்னால் குளத்து நீர்மட்டத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே கோடு. “ஒண்ணும் ஆகலியே” என்றார். ஒன்றும் ஆகாததைப் பார்க்கத்தான் வந்தேன் என்று அவருக்கு விளக்க அரை மணிநேரம் ஆனது.

மங்கோலியாவிலும் திபெத்திலும் பிறந்த வாத்துகள், சாய்வுத் திசைகாட்டி கிட்டத்தட்டப் பேச்சிழந்துபோகும் ஒரு கோட்டின்மேல் வந்து குளிர்காலம் கழிக்கின்றன. திரும்பிப் போக வழி தெரியாமல் தவிக்குமோ என்று யோசித்தேன். வாத்துக் குடும்பத்தைக் கவனித்தபோது பதில் கிடைத்தது. இளம் வாத்துக்குத் தலையில் வரி இன்னும் சரியாக விழுந்திருக்காது. அப்படிப்பட்ட நான்கைந்து எப்போதும் பெரிய இரண்டின் பின்னாலேயே நீந்தின. வாத்துகள் குடும்பமாக வலசை போகும். குஞ்சுகள் பெற்றோரோடு பறந்து வழியைப் படித்துக்கொள்ளும்.

பவளக்காலிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கரைப்பறவைகளில் பெரும்பாலும் பெரியவை முதலில் கிளம்பிவிடும், அந்த ஆண்டு பிறந்தவை சில வாரம் கழித்துத் தாமாகவே புறப்படும். பார்த்தறியாத ஊருக்கு, காட்டித்தர யாரும் இல்லாமல். பிறவியிலேயே கிடைத்த திசையும் தூரமும்தான் கையிருப்பு. இதன் பலவீனத்தைக் காட்டும் சோதனையை டச்சுப் பறவையியலாளர் ஏ. சி. பெர்டெக் 1958இல் வெளியிட்டார். நெதர்லாந்தில் வலசைப் பாதையில் பிடித்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளைச் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை போய்வந்தவை இடம் மாறியதை உணர்ந்து, வடமேற்கே திரும்பி வழக்கமான இடம் நோக்கிப் போயின. இளசுகளோ பிறவித் திசையை மாற்றாமல் தென்மேற்கே பறந்து ஸ்பெயினில் போய் இறங்கின. திசைகாட்டி பிறப்போடு வருகிறது, வரைபடம் பயணத்தில்தான் கிடைக்கிறது.

மலையைத் தாண்டும் விதமும் வேறு வேறு. வரித்தலை வாத்துக்கு ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும் ஹீமோகுளோபின், பெரிய நுரையீரல் எல்லாம் உண்டு. அப்படியிருந்தும் அது ஒரே உயரத்தில் பறப்பதில்லை. பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, முகடு வந்தால் ஏறி, தரையை ஒட்டியே போகும். மெல்லிய காற்றில் சிறகடிப்பது அவ்வளவு செலவு பிடிப்பதால், இழந்த உயரத்தை மறுபடி ஏறுவதே மலிவு.

செலவு என்றதும் எரிபொருள். மார்ச் மாதம் சுங்கை பூலோவில் பவளக்காலிகளைப் பார்த்தால் தையல்காரர்போல விடாமல் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். மார்பு உருண்டு வரும். சேர்ப்பது கொழுப்பு. மாவுச்சத்தை உடலில் வைக்கக் கூடவே தண்ணீரும் தேவை, கொழுப்புக்கு அது தேவையில்லை. அதனால் சேமித்த எடைக்கு எடை பார்த்தால் கொழுப்பு ஏறத்தாழ எட்டு மடங்கு ஆற்றல் தரும். எரியும் ஒவ்வொரு கிராமும் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாக நீரையும் கொடுக்கிறது, வழியில் குடிக்க. இதில் உச்சம் பட்டைவால் மூக்கன். அலாஸ்காவில் கிளம்பும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு; இரைப்பையும் குடலும் சுருங்கியிருக்கும், பறக்கும்போது உபயோகமில்லாத சுமை என்று. 2022இல் பிறந்து ஐந்து மாதமான ஒரு மூக்கன் அங்கிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது.

இத்தனை கணக்கும் சரியாக இருந்தும் கண்ணாடியில் மோதிச் சாகிற பறவைகள் உண்டு. அக்டோபர் கடைசியில் காலை ஏழு மணிக்கு, நகரத்தில் ஒரு கட்டடத்தின் காலடியில் நீலச்சிறகுப் பிட்டா ஒன்று கிடந்தது. நம்மூர் ஆறுமணிக்குருவிக்குச் சித்தப்பா பிள்ளை முறை. பச்சை முதுகு, மயில்நீலத் தோள், உடல் இன்னும் சூடாக இருந்தது. இரவில் வலசை போகும் இந்தப் பறவை வெளிச்சத்தால் ஈர்க்கப்பட்டுத் தாழ வந்து, விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தை மரமென்று நம்பிவிடுகிறது. சிங்கப்பூரில் இப்படி மோதிச் சாகும் வலசைப் பறவைகளில் பிட்டாக்களே முன்னணியில். காவலர் துடைப்பத்தோடு வந்தார். நான் பறவையைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். நகரம் குழப்புவது வெளிச்சத்தால் மட்டுமல்ல: ஓல்டன்பர்க்கில் நகரத்து மின்கருவிகளிலிருந்து கசியும் ரேடியோ இரைச்சலே ராபினின் காந்தத் திசையுணர்வைக் குலைப்பதை 2014இல் கண்டார்கள். அலுமினியத் தகட்டால் கூண்டு அறையை மூடியதும் குருவிகளுக்குத் திசை திரும்பக் கிடைத்தது.

ஏப்ரல் கடைசியில் குட்டை காலியானது. உடும்பும் நீர்நாயும் மட்டும். மே, ஜூனில் உபின் தீவில் இருவாச்சி பார்க்கப் போனேன். அது வேறு கதை, ஊருக்குள்ளேயே இருக்கிற பறவைக்குத் திசைகாட்டி எதற்கு.

ஜூலை இறுதியில் மறுபடி 925. சேற்றில் ஒன்பது பவளக்காலிகள், எல்லாம் பெரியவை, மார்பில் கோடைக்காலத்துக் கறுப்பு வரிகள் பாதி தேய்ந்து கிடந்தன. ஒன்றின் காலில் வளையம் இருந்தது, எழுத்தைப் படிக்குமுன் நண்டைத் துரத்திக்கொண்டு அலையாத்தி வேருக்குப் பின்னால் போய்விட்டது. ஊசியைத் தேடினேன், பையில் இல்லை. அம்மா அதை எடுத்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறார். தையல் பெட்டியில் மற்ற ஊசிகளெல்லாம் அதோடு போய் ஒட்டிக்கொள்கின்றன என்று ஒரே புகார்.