வீடில்லாதவருக்கு அரசு உதவி: வேலூரில் எதை முதலில் செய்வது?

காட்பாடி ரயில் நிலையத்திலும் பழைய பேருந்து நிலையத்திலும் படுத்துக் கிடப்பவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் தர ஆள் உண்டு. அவர் பெயரில் ஒரு காகிதம் எடுத்துத் தரத்தான் ஆள் குறைவு. அரசு உதவி பெரும்பாலும் காகிதத்தின் வழியாகவே வருகிறது. எந்தக் காகிதம் முதலில் என்பது தெரியாமல் அலைந்தால் காலம்தான் போகும்.

முதலில் நகர்ப்புற வீடற்றோர் காப்பகம். 2024-இல் முடிவடைந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம். ஆளுக்கு 50 சதுர அடி. ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். மாநகராட்சியிடம் கேட்டால் எங்கே இடம் இருக்கிறது என்று சொல்வார்கள். அடையாள அட்டை எடுத்துத் தர உதவுவதே காப்பகத்தின் வேலைகளில் ஒன்று. அப்படியிருக்க, அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதில் நியாயமில்லை. (சிகிச்சைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்து ஆற்காடு சாலையில் தங்க இடம் தேடுவோரின் பிரச்சினை வேறு. அவர்களுக்கு ஊரில் வீடு இருக்கிறது. இந்தத் திட்டம் அவர்களுக்கானது அல்ல.)

குடிப்பழக்கம் உள்ளவரை "இன்றோடு நிறுத்து" என்று மிரட்டிக் காப்பகத்தில் விடுவது ஆபத்து. நாள்தோறும் அதிகம் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். அதன் பின் நினைவு தடுமாறலாம். இது உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை, பிறகு காப்பகம். மீண்டும் குடித்துவிட்டால் வெளியேற்றிவிடுவதும் பலன் தராது. படுக்கை நிலையாக இருந்தால்தான் சிகிச்சை நிலைக்கும்.

மனநலம் பாதித்து அலைபவர் என்றால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100 பொருந்தும். அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலையத்தின் பொறுப்பு. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும்.

அடுத்து ஆதார். பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறது. அட்டை தொலைந்தவருக்குப் புதிதாகப் பதிவு செய்தால், கைரேகை பழைய பதிவோடு ஒத்துப்போய் மனு நிராகரிக்கப்படும். அதனால் "முன்பு எப்போதாவது எடுத்தீர்களா?" என்று கேட்டு, ஆதார் மையத்தில் கைரேகை அல்லது கருவிழி வைத்துப் பழைய எண்ணைத் தேடச் சொல்லுங்கள். மண்வேலை, தோல் வேலை செய்து ரேகை தேய்ந்தவருக்குக் கருவிழிதான் கைகொடுக்கும். உண்மையிலேயே எடுக்காதவர் என்றால், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளரோ வார்டு கவுன்சிலரோ ஆதார் ஆணையத்தின் படிவத்தில் தரும் சான்றே முகவரி ஆதாரம். படம் ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். சான்று மூன்று மாதம்தான் செல்லும். 18 வயது கடந்தவரின் புதிய பதிவு மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போவதால் மாதக்கணக்கில் ஆகலாம். பதிவுச் சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

ஆதார் வந்ததும் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத வங்கிக் கணக்கு. கணக்கில் ஆதாரை இணைத்தாயிற்றா என்பதோடு நிற்காமல், அரசுப் பணம் வரும் கணக்காக அதுவே பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். எப்போதோ வேறு ஊரில் இணைத்துவிட்டு மறந்த கணக்குக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும்; இவரோ வரவில்லை என்று அலைந்துகொண்டிருப்பார்.

இப்போதுதான் ஓய்வூதிய மனு. 60 வயது கடந்த ஆதரவற்றோருக்கும் விதவைகளுக்கும் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் மனு போட்டதும் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருவார். அந்த நேரம் ஆள் இல்லாமல், அலுவலர் "முகவரியில் இல்லை" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. ஆகவே மனுவில் காப்பகத்தின் முகவரியையும் பொறுப்பாளரின் கைபேசி எண்ணையும் கொடுத்து, விசாரணை நாளில் ஆளை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.

வாக்காளர் பட்டியலுக்கு வீட்டு முகவரிச் சான்றே தேவையில்லை. படிவம் 6-இல் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவு வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணைய விதி.

சொந்த வீடு என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புதான் வழி. அதற்குப் பயனாளி பங்குத் தொகை கட்ட வேண்டியிருப்பதால் வருமானம் வந்த பிறகே பேசலாம். கலைஞர் கனவு இல்லம் ஊரகப் பகுதிக்கானது. மாநகராட்சி எல்லைக்குள் அதற்கு மனு போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எந்த மனு நிராகரிக்கப்பட்டாலும் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.