நெட்வொர்க்கிங்: வலை எதற்கு?

சிறுதொழில் செய்பவர்களுக்கான பயிற்சி அழைப்பிதழ்களில் இப்போதெல்லாம் 'இணையவழித் தொழில்முறை வலையமைத்தல்' என்றொரு தலைப்பு தவறாமல் வந்துவிடுகிறது. கிண்டி, அம்பத்தூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் அதைப் படித்தால், கேபிள் இழுக்கச் சொல்லித்தரப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். சொல்ல வந்தது அதுவல்ல. லிங்க்ட்இன் போன்ற தளங்களில் துறை சார்ந்தவர்களைத் தெரிந்துகொண்டு, பழகி, வியாபார உறவை வளர்த்துக்கொள்வதைத்தான் நெட்வொர்க்கிங் என்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லின் கதை சின்னதுதான். 'நெட்' என்றால் வலை, 'வொர்க்' என்றால் இங்கே வேலைப்பாடு. 1611-இல் வந்த ஆங்கில விவிலியத்தில் பலிபீடத்தின் வெண்கலச் சல்லடையைச் சொல்ல 'நெட்வொர்க்' வருகிறது. பிறகு கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் போய், வானொலி, கணினி என்று ஊர் சுற்றி, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மனிதர்கள் பழகுவதைக் குறிக்கும் வினையாக ஊன்றியது. அதற்குள் ஆங்கிலக்காரர் காதில் மீன்வலை மறைந்துவிட்டது. நமக்கு மறையவில்லை. சிக்கலே அங்கேதான்.

தமிழில் வலை என்றால் என்ன? போலீஸ் குற்றவாளியை வலைவீசித் தேடும். ஏமாந்தவர் மோசடி வலையில் விழுவார். காரியம் சாதிக்க நினைப்பவர் வலை விரிப்பார். வலை வரும் இடத்தில் ஒருவர் பிடிப்பவர், இன்னொருவர் மாட்டுபவர். 'இவர் வலையமைப்பதில் வல்லவர்' என்று ஒரு தொழிலதிபரை மேடையில் அறிமுகப்படுத்துவது பாராட்டா, எச்சரிக்கையா? கணினிகளை இணைக்கும்போது வலையமைப்பு என்று தாராளமாகச் சொல்லலாம், கணினி கோபித்துக்கொள்ளாது. போதாக்குறைக்கு வெப், நெட் இரண்டையும் வலையாக்கி வைத்திருக்கிறோம். வலைத்தளம், வலைப்பூ எல்லாம் வெப், வலையமைப்பு நெட். சமூக வலைத்தளத்தில் இருக்கும் வலை எந்த வலை என்று கேட்டால் மொழிபெயர்த்தவருக்கே தெரியாது.

அடுத்த போட்டியாளர் 'பிணையம்'. கணித்தமிழ் ஆர்வலர்கள் சிலருக்குப் பிடித்த சொல். பிணைப்பது என்ற பொருளில் இலக்கணக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கடன் கேட்டு வங்கிப் படி ஏறியவரிடம் போய் 'உங்கள் தொழில்முறைப் பிணையத்தை விரிவாக்குங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பத்திரத்தோடு நிலப் பத்திரத்தையும் கேட்கிறார்கள் என்று பதறிவிடுவார். பிணையமில்லாக் கடன் என்று விளம்பரம் வரும் ஊரில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுப்பது வீண் வம்பு.

சரி, நெட்வொர்க்கிங் என்றே விட்டுவிடலாமே என்பார்கள். நான் அந்த அளவுக்குத் தூய்மைவாதி இல்லை. புரிந்தால் சரி என்கிற கட்சி. ஆனால் இதுவும் சரியாகப் புரிவதில்லை. 'நெட்வொர்க் பிசினஸ்' என்றால் சென்னையில் பலருக்கு ஆள் சேர்த்து, அந்த ஆள் இன்னும் ஆள் சேர்க்கும் சமாச்சாரம்தான் நினைவுக்கு வரும். பேச்சு ஆரம்பித்ததுமே நழுவப் பார்ப்பார்கள்.

என் வாக்கு 'தொழில்தொடர்பு வளர்த்தல்' என்பதற்கு. தொடர்தலில் பிறந்தது தொடர்பு. ஒருமுறை கைகுலுக்கிவிட்டுப் போவதல்ல, விடாமல் போவது. 'பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு' என்கிறது குறள் 783. பழகப் பழக இனிக்கும் என்ற பொருளோடு மனித உறவுக்கு அன்றே ஆளப்பட்ட சொல். நாளிதழ்க்காரர்கள் 'கள்ளத்தொடர்பு' என்று எழுதி அதைக் கொஞ்சம் கெடுத்து வைத்திருப்பது உண்மை. முன்னால் தொழில் என்று போட்டுவிட்டால் அந்தச் சந்தேகம் வராது. 'வளர்த்தல்' கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வெறும் முகவரிப் பட்டியலாகிவிடும்.

பட்டியலை நம்பி ஏமாறுபவர்கள்தான் அதிகம். நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் மூலமே புதிய வாய்ப்புச் செய்திகள் கூடுதலாக வருகின்றன என்று 1973-இலேயே சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் எழுதினார். லிங்க்ட்இனில் நேரடித் தொடர்பு முதல் வட்டம், அவருக்குத் தெரிந்தவர் இரண்டாம் வட்டம். ஒரகடத்தில் கொள்முதல் பார்க்கும் மேலாளர் இரண்டாம் வட்டத்தில் இருந்தால், நடுவில் இருப்பவரிடம் 'கொஞ்சம் அறிமுகப்படுத்தி வையுங்கள்' என்று கேட்பதுதான் வேலையே. இதற்கு நம்மிடம் 'ஆள் வழியாகப் போவது' என்று ஒரு வழக்கு இருக்கிறதே! மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவிட்டுப் பாரிமுனைக் கடைகளில் ஒரு மணி நேரம் நின்றால் போதும்: பழக்கம், அறிமுகம், தெரிஞ்ச இடம் என்று சொற்கள் காதில் வந்து விழும்.

அப்புறம், அந்தத் தளத்தின் 'கனெக்‌ஷன்'. அதை 'இணைப்பு' ஆக்கி, '500-க்கு மேல் இணைப்புகள்' என்று எழுதுகிறார்கள். மின் இணைப்பு, எரிவாயு இணைப்பு, குடிநீர் இணைப்பு வரிசையில் மனிதர்களையும் சேர்த்தாயிற்று. 'தொடர்பில் இருப்போர்' என்றால் என்ன குறைந்துவிடும்? நெட்வொர்க்கிங் கூட்டத்தைத் 'தொழில் அறிமுகக் கூட்டம்' என்று போடலாம். லிங்க்ட்இன் என்ற பெயரை மட்டும் யாரும் மொழிபெயர்க்கக் கிளம்ப வேண்டாம். அது ஒரு நிறுவனத்தின் பெயர்.