சொல் விளக்கம்: டி.என்.ஏ. பார்கோடிங்

கடைச் சரக்கின் உறைமேல் இருக்கும் கறுப்புக் கோடுகளிலிருந்து வந்த பெயர் இது. 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபெர்ட்டும் குழுவினரும் இதை உயிரியலுக்குள் கொண்டுவந்தார்கள். விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்து (ஏ, டி, ஜி, சி என்ற டி.என்.ஏ. எழுத்துகள்) நீளமுள்ள துண்டு ஒன்றைப் படித்து, பெயர் உறுதியான மாதிரிகளோடு ஒப்பிட்டு, இனம் எதுவென்று சொல்வதே பொருள்.

தமிழில் பட்டைக்குறி, வரிக்குறி இரண்டும் புழங்குகின்றன. பின்னதே பொருத்தம். இங்கே பட்டை எதுவும் கிடையாது, நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரிதான் உண்டு. ஆகவே ‘மரபணு வரிக்குறி’, செயலுக்கு ‘வரிக்குறியிடல்’. செய்தித்தாள்கள் சில ‘மரபணுக் கைரேகை’ என்று எழுதுவது பிழை. கைரேகை தனி ஆளைக் காட்டும், வரிக்குறி இனத்தைக் காட்டும்.

நத்தைகளுக்கு இது ஏன் தேவைப்படுகிறது? ஐப்பசி மழையில் பண்ருட்டிப் பலாத்தோப்பில் சருகைப் புரட்டினால் மெல்லிய, பளபளக்கும் பழுப்பு ஓடுகள் கிடைக்கலாம். மேக்ரோகிளாமிஸ் போன்ற நத்தைப் பேரினங்களில் ஓட்டை மட்டும் வைத்து இனம் பிரிப்பது கடினம். இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்க வேண்டும். குஞ்சு நத்தையில் அந்த உறுப்பே முதிர்ந்திருக்காது. புதுச்சேரி நர்சரிக்கு வெளியூரிலிருந்து வரும் தொட்டி மண்ணில் ஒட்டியிருக்கும் முட்டையிலோ அதுவும் இல்லை. அங்கே வரிக்குறிதான் கைகொடுக்கும்.

மாதிரி எடுக்கும்போது கையுறை அவசியம், மனிதருக்கும் தொற்றும் எலி நுரையீரல் புழுவை நத்தைகள் சுமக்கும். பாதத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தசை போதும். அதை 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில், தசையைப்போல் பத்து மடங்கு அளவில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும். உடல் நீர் கலந்து அது நீர்த்துப்போயிருக்கும். ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. பாழ். முழு நத்தையை அப்படியே எத்தனாலில் போட்டாலும் அது ஓட்டுக்குள் சுருங்கிக்கொள்ளும், உள்ளே திரவம் சரியாக இறங்காது.

பெரும்பாலும் காரியம் கெடுவது சளியால். அதிலுள்ள கூட்டுச் சர்க்கரைகள் டி.என்.ஏ.வோடு சேர்ந்து வந்து பி.சி.ஆர். என்ற டி.என்.ஏ. நகலெடுப்பு வினையைத் தடுத்துவிடும். பிப்பெட் முனையில் கரைசல் வெண்டைக்காய்ச் சாறுபோல நூல் இழுத்தால் அதே சிக்கல்தான். சி.டி.ஏ.பி. என்ற சவர்க்கார வேதிப்பொருளைக் கொண்டு டி.என்.ஏ.வைப் பிரித்து, குளோரோஃபாம் கழுவலை இன்னொரு முறை செய்து, கிடைத்ததைப் பத்து மடங்கு நீர்த்து பி.சி.ஆர். ஓட்டினால் பல மாதிரிகள் வழிக்கு வரும். அதற்கும் மசியாவிட்டால், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ. துண்டான பிரைமர் பொருந்தவில்லையா என்று பார்க்க வேண்டும். 1994-இல் வந்த ஃபோல்மர் பிரைமர் இணை எல்லா நத்தைக்கும் ஒத்துவராது.

வரி கிடைத்த பிறகும் அவசரம் ஆகாது. இரண்டு மூன்று விழுக்காடு வேறுபாடு இருந்தால் வேறு இனம் என்ற பொதுக்கணக்கு நில நத்தையிடம் செல்லாது. ஒரே இனத்துக்குள்ளேயே மைட்டோகாண்ட்ரிய வேறுபாடு பத்து விழுக்காட்டைத் தாண்டியது உண்டு. சி.ஓ.ஐ. மரபணு தாய்வழி மட்டுமே வருவதால் கலப்பினமும் தெரியாது. 28எஸ், ஐ.டி.எஸ்.2 போன்ற உட்கருப் பகுதிகளும் ஒத்துப்போனால்தான் புது இனம் என்றோ பெயர் மாற்றம் என்றோ பேசலாம். ஜென்பேங்க் என்ற பொது மரபணு வரித் தரவகத்தில் தவறான பெயரோடு ஏற்றிய வரிகளும் கிடக்கின்றன. எனவே ஓட்டையும் உடலையும் சான்று மாதிரியாக எண்ணிட்டு வைக்காத வரிக்குறிக்கு மதிப்புக் குறைவு.

அயல் இனமா, மண்ணின் இனமா என்பதை வரிக்குறி நேரடியாகச் சொல்லாது. பரவலைப் பார்த்து ஊகிக்க வேண்டும். முன்பு அக்காட்டினா என்றும் இன்று லிஸ்ஸாகாட்டினா ஃபுலிக்கா என்றும் வழங்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் மரபு வகைகள் பல, வெளியே மிகச் சில. கொஞ்சம் நத்தைகளிலிருந்து பெருகிய கூட்டத்தின் அடையாளம் அது. இந்த நத்தைக்கு எழுத்துச் சான்றும் உண்டு: 1847-இல் நத்தை ஆய்வாளர் பென்சன் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அப்படிப் பதிவு இல்லாத சின்ன நத்தைகளுக்கு, ஒரே தோட்டத்து மாதிரியை வைத்து ‘வந்தேறி’ என்று அறிக்கையில் எழுதக் கூடாது. ‘சி.ஓ.ஐ. வரிக்குறி இன்ன இனத்தோடு இத்தனை விழுக்காடு பொருந்துகிறது’ என்று எழுதி, சான்று மாதிரியின் எண்ணையும் சேர்ப்பதே முறை.