“சிவில் லா நாடு” என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

தண்டையார்பேட்டையில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரை அரை அடி தள்ளிக் கட்டிவிட்டார் என்று காவல் நிலையத்துக்குப் போனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “இது சிவில் மேட்டர். கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.” சட்டப் புத்தகத்தைத் தொட்டே இராதவருக்கும் அந்த இடத்தில் ‘சிவில்’ என்பதன் பொருள் விளங்கிவிடும். கைது கிடையாது, லாக்கப் கிடையாது, வாய்தாவுக்கு மட்டும் குறைவிருக்காது. பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிட்டி சிவில் கோர்ட்டை நாளிதழ்கள் உரிமையியல் நீதிமன்றம் என்று எழுதுகின்றன. உரிமை பற்றிய வழக்கு உரிமையியல், குற்றம் பற்றிய வழக்கு குற்றவியல். நல்ல இணைச் சொற்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் வக்கீல் அலுவலகங்களுக்கு நடுவே கப்பல் முகவர், சுங்க முகவர் அலுவலகங்களும் இருக்கின்றன. அங்கே வந்து சேரும் ஒப்பந்தங்கள் சிலவற்றின் கடைசிப் பக்கத்தில் “இது ஜெர்மானியச் சட்டத்துக்கு உட்பட்டது” என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். ராயபுரத்திலிருந்து போய்ப் பிரான்சில் குடியேறியவர் இறந்துவிட்டால், அங்குள்ள வீட்டைப் பற்றி இங்குள்ள வாரிசுகளுக்குக் கடிதம் வரும். இவற்றைத் தமிழாக்கித் தரும் தொழிலில் இருக்கும் எனக்கு “பிரான்ஸ் ஓர் உரிமையியல் சட்ட நாடு” என்ற வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘சிவில் லா நாடு’ என்ற ஆங்கிலத் தொடருக்கு அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்தால் அப்படித்தான் வரும். ஆனால் கொலைக்கும் திருட்டுக்கும் தண்டனை சொல்லும் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டமும் அதே ‘சிவில் லா’ மரபில் பிறந்ததுதான். உரிமையியல் என்று எழுதிய உடனே குற்றவியல் வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது. படிப்பவர் என்னதான் நினைத்துக்கொள்வார்? அந்த நாட்டில் திருடனைப் பிடிக்கமாட்டார்கள் போலிருக்கிறது என்றா?

இலத்தீனில் ‘சிவிஸ்’ என்றால் குடிமகன். ‘யூஸ் சிவிலே’ என்பது ரோமானியக் குடிமக்களுக்கே உரிய சட்டம். எல்லா மக்களினத்தாருக்கும் பொதுவானதாகக் கருதப்பட்ட ‘யூஸ் ஜென்டியம்’ அதன் மறுபக்கம். பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 529 முதல் 534 வரை ரோமானியச் சட்டங்களையும் சட்ட அறிஞர்களின் கருத்துகளையும் தொகுக்கச் செய்தார். இத்தொகுதி ஐரோப்பாவின் மேற்குப் பகுதியில் பல நூற்றாண்டுகள் மங்கிக் கிடந்து, 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பொலோனா நகரில் மறுபடியும் பாடமாயிற்று. அப்போது சிவில் சட்டத்துக்கு எதிரே நின்றது திருச்சபைச் சட்டம். இங்கிலாந்து மட்டும் தன் அரசவை நீதிபதிகளின் தீர்ப்புகளைக் கொண்டு தனி வழியில் சட்டத்தை வளர்த்துக்கொண்டது. எனவே அங்கிருந்து பார்க்கிறவருக்கு ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் உள்ள ரோமானிய வழிச் சட்டம் முழுவதுமே ‘சிவில் லா’. எதிரே நிற்பது எது என்று கேட்காமல் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லவே முடியாது. காவல் நிலையத்தில் அதன் எதிரே நிற்பது கிரிமினல். சிவில் சர்வீஸ் என்னும்போது ராணுவம். பிரான்ஸ் சிவில் லா நாடு என்னும்போது இங்கிலாந்தின் ‘காமன் லா’.

தமிழிலும் அது இடத்துக்கு இடம் வேறு சட்டை போட்டுக்கொள்கிறது. பணியில் குடிமைப் பணி, ரேஷன் கடைக்குப் பின்னால் குடிமைப் பொருள் வழங்கல், கோர்ட்டில் உரிமையியல். இலங்கைத் தமிழர் கோர்ட்டிலும் ‘குடியியல்’ என்றே வைத்துக்கொண்டார்கள். ‘சிவிஸ்’ என்ற வேருக்கு அது நெருக்கம். நம் ஊரில் ‘குடிமையியல் சட்டம்’ என்று எழுதினால், பள்ளியில் படித்த குடிமையியல் பாடம் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

நம் ஊரிலும் சிவில் லா மரபிலும் சட்டம் எப்படித் தேடப்படுகிறது என்பதை ஒப்பிட்டுக் கவனித்தால் அதற்கான பெயரும் பிடிபடும். பாரிமுனையில் ஒரு சீனியர் தன் ஜூனியரிடம் முதலில் கேட்பது “ரூலிங் கிடைத்ததா?” என்றுதான். சட்டப் பிரிவு எல்லாருக்கும் தெரிந்ததே. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ அதற்கு என்ன பொருள் கொண்டது என்பதில்தான் வழக்கு நிற்கும். உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசமைப்பின் 141ஆவது உறுப்பே சொல்கிறது. குமாஸ்தா தூக்கிவரும் தீர்ப்புத் தொகுதிகளில் காகிதத் துண்டுகள் துருத்திக்கொண்டு நிற்பது இதனால்தான்.

பாரிசில் ரூலிங் பார்ப்பதற்கு முன் சட்டக்கோவையை, அதாவது ஒழுங்காகத் தொகுத்த சட்டப் புத்தகத்தைத் திறப்பார்கள். 1804இல் நெப்போலியன் காலத்தில் வந்த ‘கோட் சிவில்’, நீதிபதி தன் முன் உள்ள வழக்கில் பொது விதி வகுப்பதை 5ஆவது உறுப்பில் தடுக்கிறது. அதற்கு முந்திய 4ஆவது உறுப்பு இன்னும் சுவையானது: சட்டம் பேசவில்லை, தெளிவாக இல்லை என்று சாக்குச் சொல்லித் தீர்ப்பளிக்க மறுக்கும் நீதிபதி மீதே வழக்குத் தொடரலாம். விதி செய்யாதே, விதி இல்லை என்றும் சொல்லாதே! நடுவில் இருக்கும் இடத்தை உரை எழுதும் சட்டப் பேராசிரியர்கள் நிரப்புகிறார்கள். தொல்காப்பிய நூற்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, இளம்பூரணர் என்ன சொன்னார், சேனாவரையர் எங்கே மறுத்தார் என்று பார்க்கும் தமிழாசிரியருக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. மேல்நீதிமன்றத் தீர்ப்புக்கு அங்கே மதிப்பில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே கருத்தில் தீர்ப்புகள் தொடர்ந்து வந்தால் வக்கீலும் நீதிபதியும் அதை மதித்தே நடப்பார்கள். ஆனால் தீர்ப்பு தன் கால் எந்த உறுப்பின் மேல் ஊன்றியிருக்கிறது என்று காட்டியாக வேண்டும்.

ஒரு காட்டு. காசிமேட்டில் ஒரு விசைப்படகு மற்றொருவரின் வலையை அறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கே இழப்பீடு கேட்கும் வக்கீல், கவனக்குறைவு பற்றிய தீர்ப்புகளைத் தேடுவார். இதே சேதம் பிரெஞ்சுக் கரையில் நடந்தால் தேடல் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்: ஒருவருடைய எந்தச் செயலும் பிறருக்குக் கேடு விளைவித்தால், யார் தவற்றால் அது நேர்ந்ததோ அவர் அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். 1804 முதல் இந்த உறுப்பின் எண் 1382. 2016 அக்டோபர் 1 முதல் அதுவே 1240. சொற்கள் மாறவில்லை, எண் மாறிவிட்டது. பழைய உரைகளும் தீர்ப்புகளும் 1382 என்றே பேசும். புதியவை 1240 என்னும். இரண்டு எண்ணிலும் தேடாதவருக்குப் பாதி கிணறுதான் கண்ணில் படும். பிரெஞ்சு அரசின் லெஜிஃபிரான்ஸ் தளத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் ஓர் உறுப்பு எப்படி இருந்தது என்றே பார்க்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் இன்றைய பாடத்தை வைத்துப் பழைய ஒப்பந்தத்தைப் படிப்பது ஆபத்து.

ஜெர்மானியக் கோவை இன்னும் இறுக்கமானது. 1900 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் அது ஐந்து நூல்களாகப் பிரிந்தது. முதல் நூல் மற்ற நான்குக்கும் பொதுவான பகுதி. அதே வலையைக் காசு கொடுத்து வாங்கினால், விற்பனை ஒப்பந்தம் இரண்டாம் நூலின் 433ஆம் பிரிவில் இருக்கும். வலை எப்போது வாங்கியவருடையதாகிறது என்பது மூன்றாம் நூலின் 929இல். வாங்கியவர் வயது வராத பையன் என்றால் முதல் நூலுக்குத் திரும்ப வேண்டும். ‘விற்பனை’ என்ற தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர் ஜெர்மானியச் சட்டத்தைப் படித்தவர் ஆகமாட்டார்.

தீர்ப்பைத் தேடும் விதமும் வேறு. நாம் வழக்கைக் கட்சிக்காரர் பெயரால் நினைவில் வைக்கிறோம். பிரெஞ்சு உச்ச மேல்முறையீட்டு மன்றமான ‘கூர் த கசாசியோன்’ தீர்ப்புகள் பெரும்பாலும் அமர்வு, தேதி, மனு எண் இவற்றால்தான் சுட்டப்படும். பெயரை வைத்துத் தேடினால் கையை விரிக்கும். அத்தீர்ப்புகள் நெடுங்காலம் ஒரே நீண்ட வாக்கியமாகவே எழுதப்பட்டன. 2019 அக்டோபரில்தான் அந்த நடையைக் கைவிட்டார்கள். எண்பது பக்கத் தீர்ப்புகளுக்குப் பழகிய நம் கண்ணுக்கு அந்தப் பழைய தீர்ப்பு, யாரோ கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்ததுபோல் தெரியும்.

மொழிபெயர்ப்பாளரைக் கவிழ்க்கும் சொற்கள் இரண்டு. ஆங்கிலத்தில் ‘ஜூரிஸ்புரூடன்ஸ்’ என்றால் சட்டவியல், சட்டத்தின் தத்துவம். பிரெஞ்சில் அதே எழுத்துகளுக்கு நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுதி என்று பொருள். நம் கோர்ட்டில் ‘டாக்ட்ரின்’ என்றால் கோட்பாடு. அங்கே ‘தொக்த்ரீன்’ என்றால் அறிஞர் உரைகள். “இது தொக்த்ரீனின் கருத்து” என்பதைக் “கோட்பாட்டின் கருத்து” என்று தமிழாக்கிவிட்டால், பேராசிரியர்களின் வாதம் சட்டமாக உயர்ந்துவிடும்.

சரி, பெயருக்கு வருவோம். நான் எழுதுவது ‘சட்டக்கோவை மரபு’. ‘கோவை’ இலங்கைத் தமிழில் சட்டத் தொகுப்புக்கு நிலைபெற்ற சொல். கோத்து வைத்த ஒழுங்கும் அதில் தெரிகிறது. இரண்டு மறுப்புகள் வரும். நம்மிடமும் 1860இன் தண்டனைச் சட்டமும் 1872இன் ஒப்பந்தச் சட்டமும் இருந்தனவே என்பது ஒன்று. இருந்தன, ஆனால் அவற்றை நாம் தீர்ப்புகளின் வழியாகத்தான் படித்தோம். மற்றது வலுவானது: இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் உள்ள ரோமன் டச்சுச் சட்டம் இதே வம்சம், ஆனால் அது ஒரே கோவையாகத் தொகுக்கப்படவில்லை. அங்கே மட்டும் ‘ரோமானிய வழிச் சட்டம்’ என்று எழுதிக்கொள்கிறேன். எதிர்த்தரப்பான காமன் லாவைப் ‘பொதுச் சட்டம்’ என்பது கூடாது. அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான சட்டத்துக்கும் அதே பெயர். போதாக்குறைக்குப் பொது சிவில் சட்டம் வேறு. ‘முன்தீர்ப்பு மரபு’ என்றால் குழப்பம் தீர்ந்தது.

இதெல்லாம் தூர தேசத்துச் சங்கதி என்று ஒதுக்கவும் முடியாது. 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1749இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது கோட் சிவில் பிறக்கவே இல்லை. புதுச்சேரியில் கதை வேறு. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சாதி, மதம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டக்கோவைக்குள் போகலாம் என்றானது. அப்படித் துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’. புதிதாகக் குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களின் வாரிசுரிமைக்குச் சட்டம் தேடுகிறவர் இன்றும் அந்தக் கோவையைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

அத்தகைய குடும்பக் காகிதங்களில் ‘நோத்தேர்’ என்று ஒருவர் வருவார். அவரை ‘நோட்டரி’ என்று தமிழில் எழுதினால், உயர் நீதிமன்றத்தைச் சுற்றி மேசை போட்டு, கையொப்பத்துக்குச் சாட்சியாக முத்திரை குத்திக் கொடுப்பவர்தான் நம்மவர் மனத்தில் தோன்றுவார். பிரான்சின் நோத்தேர் அரசு நியமிக்கும் பொது அலுவலர். வீட்டு விற்பனைப் பத்திரத்தை அவரே எழுதுவார். மூலம் அவரிடமே இருக்கும்; கட்சிக்காரருக்குக் கிடைப்பது நகல். வாரிசுச் சொத்தில் வீடு இருந்தால் அவரில்லாமல் காரியம் நகராது. யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு இவருக்குப் பாதித் தூரம் நெருங்கி வருகிறார். ஆகவே ‘நோத்தேர்’ என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் “பத்திரம் எழுதி மூலத்தைக் காக்கும் பொது அலுவலர்” என்று சேர்த்துவிடுகிறேன். வாரிசுகள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு முத்திரை குத்தும் மேசைக்கு ஓடாமல் இருக்க அவ்வளவு போதும்.