இரத்தம் எட்டாத இடங்கள்

2012 ஏப்ரல் 28. அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றின் முதல் ஆட்டம். சிகாகோ புல்ஸ் அணி பிலடெல்பியாவை 12 புள்ளிகள் முந்தியிருந்தது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை. பந்துடன் உள்ளே பாய்ந்த டெரிக் ரோஸ் இரு கால்களையும் சட்டென ஊன்றி எழும்பினார். எவரும் அவரை இடிக்கவில்லை. ஆனால் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார். முந்தைய ஆண்டுதான் என்பிஏவின் மதிப்புமிக்க வீரர் விருதை 22 வயதில் வென்றிருந்தார். அவ்வளவு இளம் வயதில் அதைப் பெற்றவர் வேறு யாரும் இல்லை.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளே குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் நார்தான் முன் சிலுவைத் தசைநார். விளையாட்டுச் செய்திகளில் ஏசிஎல் என்று வருவது இதுவே. கீழ்க்கால் எலும்பு முன்னே வழுக்காமலும் முறுகாமலும் இது தடுக்கிறது. ஓட்டத்தை நிறுத்தித் திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ கால் போதிய அளவு மடங்காமல் முழங்கால் உட்புறம் சரிந்தால், முழு முறுக்கும் இந்த நாரின் மீது இறங்கும். பாதம் தரையைத் தொட்டு ஏறத்தாழ 50 மில்லிநொடிக்குள் அது அறுந்துவிடுகிறது. ஆபத்தை உணர்ந்து தசையை இறுக்க நரம்புகளுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். "பார்த்து இறங்கியிருக்கலாமே" என்று ஒரு வீரரைக் குறைசொல்வது அதனால்தான் எனக்கு அநியாயமாகப் படுகிறது.

தசையில் காயம்பட்டால் இரத்தம் பாய்ந்து, உறைந்து, அந்த உறைவின் மேல் புதுத் திசு வளர்கிறது. ஏசிஎல் இருப்பதோ மூட்டுநீருக்குள். அங்கே உறைவு நிலைப்பதில்லை. அறுந்த முனைகள் பெரும்பாலும் ஒட்டுவதும் இல்லை. எனவே முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ தொடையின் பின்புறமிருந்தோ தசையை எலும்போடு கட்டும் ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள்.

பொருத்திய நாணின் செல்கள் முதலில் மடிகின்றன. பிறகு இரத்தக் குழாய்கள் மெல்ல உள்ளே ஊர்ந்து, புதிய செல்கள் குடியேறி, பழைய இழைகளைப் பிரித்துப் புதிதாக நெய்கின்றன. இந்த மாதங்களில் அது அறுவை சிகிச்சை நாளன்று இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது. அப்போதுதான் வீக்கம் வடிந்திருக்கும், வலி போயிருக்கும், வீரர் ஓடத் தொடங்கியிருப்பார். குறைந்தது 9 மாதம் பொறுக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். ரோஸ் அடுத்த பருவம் முழுவதையும் விட்டுக்கொடுத்தார். திரும்பி வந்த சில வாரங்களில், 2013 நவம்பரில், வலது முழங்காலில் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் பிறைக் குருத்தெலும்பு கிழிந்தது.

மூட்டுப் பரப்பின் குருத்தெலும்பின் கதை இன்னும் துயரமானது. எலும்பு முனைகளைப் போர்த்தி வழுவழுப்பாக வைத்திருக்கும் அந்தப் பூச்சில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தேய்வது தெரியாது, தேய்ந்தது வளராது. என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாகப் பொறுக்கும் 2007 தேர்வில், பின்னாளில் பெரும் நட்சத்திரமான கெவின் டுராண்டுக்கும் முன்னால், முதல் ஆளாகப் போர்ட்லாந்து எடுத்த கிரெக் ஓடன், ஓர் ஆட்டம்கூட ஆடுமுன் இதற்காக அறுவை சிகிச்சை மேசையில் படுத்தார். எலும்பில் நுண்துளைகள் இட்டு மஜ்ஜை இரத்தத்தை வரவழைக்கும் முறை அது. இரத்தம் வரும், குருத்தெலும்பும் உருவாகும். ஆனால் அது வேறு வகை: நார்த்தன்மை மிக்கது, அழுத்தம் தாங்கும் திறன் குறைந்தது. ஏழடி உயர உடலைச் சுமந்து ஆண்டுக்கு 82 ஆட்டம் ஆட அது போதவில்லை. அதே சிகிச்சை அவருக்கு மும்முறை நடந்தது; என்பிஏ வாழ்க்கை 105 ஆட்டங்களோடு முடிந்தது. அவருடைய சக வீரர் பிரண்டன் ராய் தொடரின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று முறை தேர்வானவர். முழங்கால் குருத்தெலும்பு தீர்ந்துபோக, 27 வயதில் ஓய்வை அறிவித்தார். பின்னர் திரும்பி வந்தும் ஐந்து ஆட்டங்களுக்கு மேல் ஆட முடியவில்லை.

எலும்பு அப்படியல்ல, அது தன்னைத் தானே புதுப்பிக்கும். ஆனாலும் பாதத்தின் நடுவிலுள்ள படகு வடிவ எலும்பின் மையத்துக்கு இரத்தம் குறைவாகவே செல்கிறது. குதித்துக் குதித்து விழும் நுண்விரிசல் ஆறுமுன் அடுத்தது சேர்ந்துவிடுகிறது. 2.29 மீட்டர் உயரச் சீன வீரர் யாவ் மிங்கின் இடது பாதத்தை முறித்தது அந்த எலும்புதான். 2011இல், 30 வயதில் அவர் விடைபெற்றார்.

ரோஸ் 2024 வரை விடைபெறவில்லை. பழைய பாய்ச்சல் குறைந்த பிறகு, வேகத்தை அடக்கி, தூர எறிதலைத் தீட்டிக்கொண்டார். 2018 அக்டோபர் 31 அன்று மினசோட்டாவுக்காக யூட்டா அணிக்கு எதிராக 50 புள்ளிகள் எடுத்தார். அவர் வாழ்நாளில் எடுத்த மிக அதிகப் புள்ளிகள் அவை. கடைசி நொடிகளில் எதிரணியின் எறிதலையும் தடுத்துவிட்டு, களத்திலேயே அழுதார்.