இருட்டுப் படங்களில் நாய்ஸ்: எந்த கேமரா உண்மையில் மேல்?

இரண்டு கேமராக்களில் எடுத்த இருட்டுப் படங்களை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, “இதில்தான் கிரெயின்ஸ் குறைவு, இதுதான் நல்ல சென்சார்” என்று முடிவுகட்டுகிறவர்கள் ஏராளம். பிக்சல் எண்ணிக்கை வேறுபட்டால் அந்த முடிவை நம்பவே கூடாது.

நாய்ஸில், அதாவது படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் அந்தக் கிரெயின்ஸில், பெரும்பங்கு ஒளியோடு சேர்ந்தே வருகிறது. ஒளித்துகள்களான ஃபோட்டான்கள் சீராக வந்து விழுவதில்லை. ஒரே நிறச் சுவரைப் படமெடுத்தாலும் அடுத்தடுத்த பிக்சல்களில் விழும் எண்ணிக்கை மாறும். சராசரி 900 என்றால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 30, அதாவது 3 சதவீதம்தான். சராசரியே 9 என்றால் ஏற்ற இறக்கம் 3. அது 33 சதவீதம்! முகூர்த்தப் படத்தில் மாப்பிள்ளையின் வேட்டி பளிச்சென்றும், மணப்பெண்ணின் கூந்தல் புள்ளி புள்ளியாகவும் தெரிவது இதனால்தான். எவ்வளவு விலை உயர்ந்த சென்சாராலும் இதைத் தடுக்க முடியாது. ஐஎஸ்ஓவை (படத்தின் பிரகாசத்தை ஏற்றும் கேமரா அமைப்பு) கூட்டினால் நாய்ஸ் கூடுகிறது என்கிறோமே, அங்கேயும் காரணம் ஒளிக் குறைவுதான்: ஐஎஸ்ஓவைக் கூட்டிவிட்டு ஷட்டர் வேகத்தையும் கூட்டிவிடுகிறோம்.

சென்சார் தன் பங்குக்குச் சேர்ப்பது ரீட் நாய்ஸ். ஃபோட்டான்கள் விழுந்ததால் பிக்சலில் சேர்ந்த எலக்ட்ரான்களை அளந்து எண்ணாக மாற்றும்போது நுழையும் பிழை அது. இன்றைய நல்ல சென்சார்களில், உயர் ஐஎஸ்ஓவில், இது சில எலக்ட்ரான்களுக்குள் அடங்கிவிடும்.

சோனி ஏ7ஆர் (2013) 36 மெகாபிக்சல், ஏ7எஸ் (2014) 12 மெகாபிக்சல். இரண்டும் ஃபுல் ஃபிரேம், அதாவது சென்சாரின் அளவு ஒன்றேதான். ஏ7எஸ்ஸின் ஒரு பிக்சல் இருக்கும் இடத்தில் ஏ7ஆரில் மூன்று பிக்சல்கள். 900 எலக்ட்ரான் அங்கே முந்நூறு முந்நூறாகப் பிரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஏ7ஆர் மோசமாகத்தான் தெரியும். படத்தை 12 மெகாபிக்சலுக்குச் சுருக்கினால் மூன்றும் சேர்ந்து மறுபடி 900 ஆகிவிடும். வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும்.

கூந்தலில் மட்டும் கதை வேறு. ரீட் நாய்ஸ் இரண்டிலும் 2 எலக்ட்ரான் என்றே வைத்துக்கொள்வோம். 9 எலக்ட்ரானை ஒரே தடவையில் படித்தால் மொத்த நாய்ஸ் 3.6. மூன்று பிக்சல்களில் படித்துக் கூட்டினால் 4.6. பெரிய பிக்சலின் உண்மையான லாபம் இந்த ஆழ்ந்த நிழலில்தான் இருக்கிறது.

சென்சார் பரப்பின் வித்தியாசம் இதைவிடப் பெரியது. ஃபுல் ஃபிரேம் 864 சதுர மில்லிமீட்டர், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் 225. ஒரே ஷட்டர், ஒரே அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) என்றால் பெரியது கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒளியைச் சேர்க்கும். நாய்ஸ் விகிதம் பாதியாகும்.

ஆகவே ஒப்பிடும்போது விளக்கு, ஷட்டர், அப்பர்ச்சர் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். ஜேபெக் வேண்டாம், கேமராவே நாய்ஸைத் தேய்த்துவிட்டிருக்கும். ரா கோப்பை (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) எடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கி, வேட்டியை விட்டுவிட்டுக் கூந்தலைப் பாருங்கள்.